அப்பாவுக்கு உப்பு: பூஜ்ஜியம்

புதுப்பட்டி, குளத்தூர் தாலுகா
15.04.2024

பிளெஸ்ஸிக்கு,

அண்ணன் பிராங்க்ளின் எழுதுவது. என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. மும்பையில் வேலை மும்முரம் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் தபால். ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கும், வரவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று ஃபாதருக்குப் போன் போட்டுச் சொன்னாயாம். இருக்கட்டும். அன்றைக்குப் பந்தியில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உன் மதினி அன்புமொழி சாம்பார் வாளியோடு வரிசையாக வந்தாள். அப்பாவின் தங்கச்சி மருதாயி அத்தை இருந்த இடத்துக்கு வந்ததும் அத்தை இலையை மூடிவிட்டது. "எங்கண்ணன உப்புக்கு ஏங்கவிட்டுக் கொன்னவ கையால எனக்கு ஒண்ணும் வேணாம்." மெதுவாகத்தான் சொன்னது, ஆனால் பந்தி முழுக்கக் கேட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்கள். அன்புமொழி வாளியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். அன்று சாயங்காலமே கொடும்பாளூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். கொலைகாரி என்று பேர் வாங்கின ஊருக்கு வரமாட்டேன் என்று அவள் தம்பியை விட்டுச் சொல்லி அனுப்பினாள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். "அப்பாவுக்கு உப்பை நிறுத்தச் சொன்னது நான், என் மதினி நான் சொன்னபடிதான் செய்தாள்" என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் வாசிக்கிறேன் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்கள். நீ சொன்னால் ஊர் கேட்கும். இந்த ஊரில் விஞ்ஞானி என்று இருப்பது நீ ஒருத்தி, அதுவும் உப்பைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறவள்.

அவளைத் திரும்பக் கூட்டிவர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் போதும்.

பிராங்க்ளின்


மும்பை
24.04.2024

அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன்.

நீ கேட்டது முடியாது.

டிசம்பரில் அப்பாவுக்கு பிரஷர் நூற்றெண்பது இருந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து உப்பைக் குறைக்கச் சொன்னார். கிறிஸ்துமஸ் லீவில் வந்திருந்த நான் அதை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு இருபத்தேழாம் தேதி ரயிலேறினேன். என் பங்கு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு எழுபது நாள் அவரோடு ஒரே வீட்டில் இருந்தது நீ. அந்த எழுபது நாளில் என்ன நடந்தது என்று நீதான் எனக்கு எழுத வேண்டும், நான் உனக்கு இல்லை.

கேட்கிறேன், பதில் சொல். தினமும் எத்தனை மாத்திரை கொடுத்தாய்? எவ்வளவு தண்ணீர் குடித்தார்? பேச்சு எந்தத் தேதியில் குழற ஆரம்பித்தது? ஒரே ஒரு தடவையாவது ரத்தம் எடுத்துப் பார்த்தாயா? நீ ஓட்டுகிற ஸ்கூல் வேனுக்கு மாதாமாதம் ஆயில் பார்க்கிறாய், டயரில் காற்றுப் பார்க்கிறாய். அப்பாவுக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் நீ அனுப்பிய வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. பதினாலு வினாடி. கொட்டகையில் ஆடுகளுக்குக் கட்டித் தொங்கவிட்ட உப்புக்கட்டியை அப்பா குனிந்து நக்குகிறார். பக்கத்தில் ஒரு கிடாய் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் ஒரு சிரிப்பு. படம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால், போனைப் பிடித்திருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறான். அது யார் சிரிப்பு என்று ஊருக்கு எழுதட்டுமா?

மதினிக்காகக் கேட்கிறேன் என்கிறாய். உனக்குச் சோறாக்க ஆள் இல்லை, அதற்காகக் கேட்கிறாய். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

அடுப்படித் தாள் இன்னும் இருந்தால் எரித்துவிடு. அடக்கத்துக்கு வந்தபோது சுவரில் காணவில்லை. எரித்திருப்பாய் என்று நினைத்தேன்.

பிளெஸ்ஸி


புதுப்பட்டி
02.05.2024

பிளெஸ்ஸிக்கு,

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன், ஆராய்ச்சிக்கு உதவும்.

மாத்திரை தினமும் ஒன்று, டாக்டர் சொன்னபடி. தண்ணீர் நாலு லிட்டர், நீ எழுதினபடி. ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது உன் தாளில் இல்லை. டாக்டர் சொன்னது குறை என்று. பூஜ்ஜியம் என்று எழுதியது நீ. சிவப்பு ஸ்கெட்சில் "அப்பாவுக்கு உப்பு: 0" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாய். அதற்குக் கீழே ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், கடை வடை, மிக்சர், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெருக்கல் குறி. நார்த்தங்காய் ஜாடியை நீயே கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தாய். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த ஒருத்தரையும் அந்தத் தாளைக் காட்டாமல் அப்பா அனுப்பியதில்லை. கூட வேலை பார்த்த லைன்மேன்கள் பென்ஷன் விஷயமாக வந்தபோது அடுப்படி வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினார். "எம்மக எழுதுனது. ஒடம்புல இருக்க செல்லப் பத்தியே படிச்சவ." டீக்கடையில் யாராவது வடையை எடுத்து நீட்டினால், அது லிஸ்ட்டில் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ரோட்டைத் தாண்டினால் உப்பு இருந்தது, பிளெஸ்ஸி. அவர் தாண்டவில்லை. ஆட்டு உப்புக்கட்டியை நக்கியபோது பிடித்துக் கேட்டேன். "இது லிஸ்ட்ல இல்லையேப்பா" என்றார். அதற்குத்தான் சிரித்தேன். நீயாக இருந்தாலும் சிரித்திருப்பாய். வீடியோவைப் பார்த்துவிட்டு நீ என்ன பதில் போட்டாய் என்று உன் போனிலேயே பார்த்துக்கொள்.

பிப்ரவரி கடைசியில் அன்புமொழியை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டோம். மார்ச் ஆறாம் தேதி காலை கட்டிங்பிளேயரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை டிரான்ஸ்பார்மருக்குப் போய்விட்டார். ரிடையர் ஆகி ஒன்பது வருஷம் ஆனவர். லைனை ஆஃப் பண்ணுங்கடா, ஆள் மேலே நிக்கிறான் என்று கத்திக்கொண்டிருந்தாராம். நான் போய்ச் சேர்வதற்குள் வேலிக்கம்பியைப் பிடித்தபடியே வலிப்பு வந்து விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சோடியம் நூற்றெட்டு என்றார்கள். நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போகக் கூடாதாம். சின்ன வயசு டாக்டர், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இவருக்கு யார் உப்பை நிறுத்தியது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். நர்ஸுகள் இரண்டு பேரும் அன்புமொழியைப் பார்த்தார்கள், வீட்டில் சமைக்கிறவள் அவள்தானே. அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வார்டில் நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

என் தங்கச்சி செல்லின் தோலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று எட்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது என்ன என்று எனக்கே தெரியாது. அப்பாவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அந்த ஒரு பக்கத்தையும் எழுது. எழுதாவிட்டால் உன் தாளை ஃபாதரிடம் கொடுத்துவிடுவேன். எரிக்கவில்லை, பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

பிராங்க்ளின்


மும்பை
14.05.2024

அண்ணனுக்கு,

கேட்டாய், எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைக் குறை சொல்லாதே.

ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்பதுதான் அது. தலைகள் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும், எண்ணெய் மாதிரியான வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். தோல் என்றதும் கெட்டியாக ஒன்றை நினைத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு மூலக்கூறும் நெளிந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பதோடு நொடிக்கு ஒரு கோடித் தடவை இடம் மாறிக்கொள்ளும். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது லேப்டாப்பில் அப்பாவுக்கு அந்த அசைவைக் காட்டினேன். ஒரு மணி நேரம் பார்த்தார். "இது செத்த நேரம் சும்மா நிக்காதா" என்று கேட்டார். நிற்காது அப்பா என்றேன்.

அந்தத் தண்ணீரில் உப்பைப் போட்டால், சோடியம் போய் மூன்று நான்கு தலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவற்றை ஒன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூலக்கூறுகள் நெருங்கும். சவ்வு இம்மியளவு தடிக்கும். ஓட்டம் மட்டுப்படும். எவ்வளவு உப்புக்கு எவ்வளவு தடிக்கிறது, எவ்வளவு மட்டுப்படுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. நியூட்ரான்களைச் சவ்வின்மேல் விட்டு, அவை சிதறுகிற விதத்தைப் பார்த்து அளக்கிறோம். எட்டு வருஷமாக இது ஒன்றுதான் செய்கிறேன்.

அளக்க வேண்டுமென்றால் முதலில் உப்பே போடாத ஒரு குப்பி வேண்டும். மற்றதையெல்லாம் அதோடுதான் ஒப்பிட முடியும். என் நோட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அட்டவணையின் முதல் வரி அதுதான், உப்பு: 0. அந்தக் குப்பியில் சவ்வு நாள்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருக்கும். மற்ற குப்பிகளைவிட லேசாக, வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அப்பாவுக்குத் தாள் எழுத உட்கார்ந்தபோது என் கை பழக்கத்தில் அந்த முதல் வரியை எழுதியது. டாக்டர் குறைக்கச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். குறை என்பது எண் இல்லை. எண் இல்லாத எதையும் நான் எழுதுவதில்லை. எழுதி முடித்து இரண்டு கோடும் போட்டபோது எனக்குத் திருப்தியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குப்பியில் இருப்பது வெறும் சவ்வு. அதற்குள் உயிர் இல்லை. உயிருள்ள செல் சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளி வெளியிலேயே நிறுத்தி வைக்கும். வெளியே உப்பு இருக்கிறவரைக்கும் தண்ணீர் அங்கங்கே அளவோடு நிற்கும். மாத்திரை உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது, சாப்பாட்டில் உப்பு வரவில்லை, மேலே நாலு லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. வெளியே உப்பு நீர்த்துப்போனால் தண்ணீர் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். செல் வீங்கும். கை கால் வீங்கினால் இடம் இருக்கிறது. மூளை வீங்க இடமில்லை, சுற்றிலும் எலும்பு. நரம்பில் ஓடுகிற மின்சாரமும் வெளியே நிற்கிற சோடியம் உள்ளே பாய்வதால்தான் ஓடுகிறது. கடைசியில் அது தாறுமாறாக அடிக்கும். அதுதான் வலிப்பு. லைனை ஆஃப் பண்ணச் சொல்லிக் கத்தினார் என்று எழுதியிருந்தாய். உடம்பில் என்ன நடக்கிறது என்று அவர் ஒருத்தர்தான் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

இது உனக்கு எழுதியது. ஊருக்கு இல்லை.

இனி உன் விஷயம். நான் பிளாக் செய்தது உன் நம்பரை மட்டும்தான். மதினி போன வாரம் பேசினாள். பிப்ரவரியில் இரண்டு வாரம் உனக்குத் தெரியாமல் அப்பாவின் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டிருக்கிறாள். அந்த இரண்டு வாரமும் அப்பா தானாக எழுந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு ஒரு நாள் நீ அந்தக் கஞ்சியை எடுத்து ருசி பார்த்திருக்கிறாய். அதற்கு மேல் நடந்ததை நீ எழுது. எழுதினால், அவளுடைய இடது காது இப்போது எப்படி இருக்கிறது என்று நான் எழுதுகிறேன்.

தாளை ஃபாதரிடம் கொடுப்பேன் என்று மிரட்டுகிறாய். கொடுத்துவிடேன். என் கையெழுத்து, என் பூஜ்ஜியம். அதைக் காட்டினாலே மதினி பேரில் உள்ள பழி போய்விடுமே, என் கடிதம் எதற்கு? இரண்டு மாதமாக பைபிளுக்குள் வைத்துக்கொண்டு ஏன் யாருக்கும் காட்டாமல் இருக்கிறாய்?

பிளெஸ்ஸி


புதுப்பட்டி
22.05.2024

பிளெஸ்ஸிக்கு,

அடித்தேன்.

அப்பா பாதி குடித்து வைத்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். லேசாக உப்புக் கரித்தது. அன்றைக்கு நான் ஆத்திரப்பட்டேன் என்பதுகூட இல்லை, பயந்தேன். அப்பா செத்துப்போனால் உனக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தேன். "எட்டு வருஷம் படிச்சவ எழுதுனத விட ஒனக்குத் தெரியுமா" என்று கேட்டு அடித்தேன். அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "நாந்தாண்டா கேட்டேன், எம்மேலதான் தப்பு" என்று கையைக் குறுக்கே நீட்டினார். அந்தக் கையையும் தட்டிவிட்டேன். பிறகு உப்பு ஜாடியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எங்களுக்குச் சமைக்க வேண்டுமானால் அவள் என்னிடம் வந்து கேட்க வேண்டும், நான் எடுத்துக் கையில் கொட்டுவேன். அப்பாவுக்குத் தனி அடுப்பில் அவள் ஆக்கி முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பேன். இதைச் செய்தபோது நான் நல்ல மகன் என்றுதான் நினைத்தேன்.

அவள் காது கேட்காது என்று எனக்குத் தெரியும். நீ எழுத வேண்டாம்.

நாலு நாள் கழித்துத்தான் அப்பா உப்புக்கட்டியைத் தேடி ஆட்டுக்கொட்டகைக்குப் போனார். வீடியோவை உனக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் உன் பதில் வந்தது, "அதையும் லிஸ்ட்ல சேரு." மறந்திருந்தால் இப்போது எடுத்துப் பார். நான் உன் சிவப்பு ஸ்கெட்சையே தேடி எடுத்து, கடைசி வரியில் "ஆட்டு உப்புக்கட்டி" என்று எழுதி, உன்னைப் போலவே நேரே ஒரு பெருக்கல் குறி போட்டேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் வாசித்தார். "சரிப்பா" என்றார். அதற்குப் பிறகு அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நீ எழுதியதையாவது தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தார். நான் எழுதினதைத் தாண்டவில்லை.

இப்போது புரிகிறதா, தாளை ஏன் யாருக்கும் காட்டவில்லை என்று? கோயில் நோட்டீஸ் போர்டு எழுதுவது நான்தான். என் சாய்ந்த எழுத்து ஃபாதர் முதல் சின்னப் பிள்ளை வரை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைசி வரியை மட்டும் கத்தரித்துவிடலாம் என்று இரண்டு தடவை கத்தரிக்கோலை எடுத்தேன். உன் கடிதம் வந்துவிட்டால் தாளே வேண்டியிருக்காது என்றுதான் உன்னைக் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ மட்டும் ஏன் நிம்மதியாக இருக்க வேண்டும். அப்பா கடைசியாக உன் பேரைச் சொன்னார் என்று அடக்கத்தன்று சொன்னேன். பொய். நீ அழுத அழுகையைப் பார்க்க முடியாமல் சொன்னேன். அவர் கடைசியாகக் கேட்டது உப்பு. அதையும் நர்ஸிடம்தான் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன், என்னிடம் கேட்கவில்லை.

எழுது. என்னைப் பற்றியும் எழுத வேண்டுமானால் எழுதிவிடு. அவள் வந்தால் போதும்.

பிராங்க்ளின்


மும்பை
03.06.2024

அண்ணனுக்கு,

எழுதிவிட்டேன். நீ ஒரு பக்கம் கேட்டாய், மூன்று பக்கம் வந்தது. நேரே ஃபாதருக்கு அனுப்பியிருக்கிறேன், உன் கைக்கு அனுப்ப எனக்கு நம்பிக்கை இல்லை.

டாக்டர் குறைக்கச் சொன்னதை நான் பூஜ்ஜியம் ஆக்கினேன் என்று எழுதியிருக்கிறேன். உப்புக்கட்டியை லிஸ்ட்டில் சேர்க்கச் சொன்னதும் நான்தான் என்று எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்தேன், அந்தப் பதில் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறேன், நீ அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய். ஜாடியைப் பூட்டியது நீ, அடித்தது நீ, கடைசி வரி உன் எழுத்து. கஞ்சியில் உப்புப் போட்ட ஒரே ஆள் மதினி. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.

அனுப்புவதற்கு முன்னால் போனில் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு முழுசாகக் கேட்டாள். அழவில்லை. ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். சிட்டிகை இல்லையாம், அரைச் சிட்டிகைதானாம். "நானும் பயந்து பயந்துதான் போட்டேன், அதையும் எழுது பிளெஸ்ஸி." எழுதினேன். இன்னும் அரைச் சிட்டிகை கூடப் போட்டிருந்தால் மாமா உயிரோடு இருந்திருப்பாரா என்று என்னைக் கேட்டாள். நான் படித்தவள் இல்லையா, என்னிடம்தான் கேட்பாள். இருந்திருக்கலாம் என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். நீ சொன்ன பொய்யில் நான் இரண்டு மாதம் தூங்கினேன், அந்த மாதிரி ஒன்றை அவளுக்கும் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

இங்கே வழக்கம்போல் வேலைக்குப் போகிறேன். இன்று காலையும் ஆறு குப்பி எடுத்து வைத்தேன், முதல் குப்பியில் ஒன்றும் போடவில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும். கை நடுங்கினால் அளவு தப்பிவிடும், அதனால் நடுங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். அவள் வருவாளா என்று என்னிடம் கேட்காதே.

பிளெஸ்ஸி


புதுப்பட்டி
25.06.2024

பிளெஸ்ஸிக்கு,

பதினாறாம் தேதி, பூசை முடிந்ததும் ஃபாதர் வாசித்தார். மூன்று பக்கத்தையும் நிறுத்தாமல் வாசித்தார். நான் வழக்கமாக உட்காருகிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முடிந்தபோது என் பெஞ்சில் யாரும் இல்லை. எப்போது எழுந்து போனார்கள் என்று தெரியவில்லை.

மறுநாளே மருதாயி அத்தை பஸ் ஏறிக் கொடும்பாளூர் போய், அன்புமொழி கையைப் பிடித்துக்கொண்டு அழுததாம். அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வந்ததாம். அதை என்னிடம் சொல்லக்கூட வரவில்லை, வேறு ஆள் வழியாகத்தான் கேள்விப்பட்டேன். நோட்டீஸ் போர்டு எழுதுகிற வேலையை ஃபாதர் வேறு ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார். ஸ்கூல் வேனில் ஏறும்போது பிள்ளைகள் எனக்கு வணக்கம் சொல்வார்கள், இப்போது சொல்வதில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அன்புமொழி பேரில் இந்த ஊரில் இனி ஒரு பழியும் இல்லை. நான் கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் தம்பியும் டாடா ஏஸில் வந்தார்கள். வருகிறாள் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். நான் வீட்டைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, அவள் தலையணை உறையைத் துவைத்துப் போட்டிருந்தேன். அவள் உள்ளே வந்து என்னிடம் பீரோ சாவியைக் கேட்டாள். சேலைகளை எடுத்தாள். தையல் மிஷினைத் தம்பி தூக்கினான். ஆடு நாலும் அவள் வீட்டில் கொடுத்தவை, வண்டியில் ஏற்றினாள். கொட்டகையில் தொங்கிய உப்புக்கட்டியைக் கயிற்றோடு அறுத்து, அதையும் எடுத்துக்கொண்டாள். எதுவும் கோபமாகச் செய்யவில்லை. கோபமாகச் செய்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன்.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா போனதிலிருந்து நான் உப்புப் போட்டுச் சாப்பிடுவதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அவள் வரும் நேரம் பார்த்துத்தான் அடுப்பில் வைத்தேன், உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. அவள் ருசி பார்ப்பாள், ஒன்றுமில்லாமல் இருப்பதைப் பார்ப்பாள், பிறகு என்னவாவது சொல்வாள் என்று ஒரு எண்ணம். அதே மாதிரி கரண்டியால் எடுத்து ஊதி ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். பீரோவுக்குப் போய், நான் பூட்டி வைத்த உப்பு ஜாடியை எடுத்துவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். அவள் போடுவாள் என்று நினைத்தேன்.

"ஒங்களுக்கு யாரும் எழுதி ஒட்டலையே. போட்டுக் குடிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவளுடைய இடது பக்கமாக நின்றிருந்தேன், கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.

தாளை இதோடு வைத்து அனுப்புகிறேன். கடைசி வரியைக் கத்தரிக்கவில்லை. ஜாடி இன்னும் திறந்தபடிதான் இருக்கிறது, இரண்டு நாளில் மழைக்காற்றுப் பட்டுக் கட்டிபிடித்துவிட்டது. எவ்வளவு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதி அனுப்ப வேண்டாம்.

பிராங்க்ளின்